ஸ்ரெப்ரெனிட்சா: புதைத்தும் அடங்காத சாட்சி

யூகோஸ்லாவியா உடைந்தபோது எல்லாத் தரப்பும்தான் கொன்றது, ஹேக்கின் போர்க்குற்றத் தீர்ப்பாயம் செர்பியர்களை மட்டும் கூண்டில் ஏற்றியது என்கிறார்கள். பாதி உண்மையை வைத்து முழு வழக்கையும் ஊத்தி மூடப் பார்க்கிற வாதம் இது.

குற்றம் சாட்டப்பட்ட 161 பேரில் குரோவாசியர், போஸ்னியாக்கியர் (போஸ்னிய முஸ்லிம்கள்), கொசோவோ அல்பேனியரும் உண்டு. போஸ்னியக் குரோவாசியத் தளபதி ஸ்லோபோதன் பிரல்யாக், 2017இல் தண்டனை உறுதியானதும் நீதிபதிகளின் கண்ணெதிரே விஷம் குடித்தார், அன்றே இறந்தார்.

1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்ட போஸ்னியாக்கிய ஆண்களும் சிறுவர்களும் 8,000 பேருக்கு மேல். பிறகு இயந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்டி, உடல்களை லாரிகளில் வேறிடங்களுக்குக் கடத்தினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. டிஎன்ஏ சோதனைதான் அவற்றை ஒன்றுசேர்த்தது.

தற்செயலான போர்ச்சாவுக்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு?

யூகோஸ்லாவியா மீதான 1999 நேட்டோ குண்டுவீச்சு குறித்துத் தீர்ப்பாயம் முறையான விசாரணை தொடங்காதது குறைதான். அந்தக் கோப்பையும் திறக்கச் சொல்லுங்கள். ஸ்ரெப்ரெனிட்சாவுக்காகத் தண்டிக்கப்பட்ட போஸ்னிய செர்பியத் தளபதி மிலாடிச்சின் ஆயுள்தண்டனை அதனால் தவறாகிவிடாது.