கைக்குழந்தையோட சொகுசுக் கப்பல்ல போலாமா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

"சென்னையில இருந்தே கப்பல் டூர்!" இந்த விளம்பரம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்களின் மொபைலிலும் இப்போது வருகிறது. மணிமங்கலத்தில் இருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். விமானம் ஏற வேண்டாம், சாப்பாடும் தங்குவதும் கப்பலிலேயே. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால்? "எல்லாரும் போறாங்களே" என்பார் ஒருவர். "பச்சப் புள்ளைய கடலுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்பார் வீட்டுப் பெரியவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குழந்தையின் வயது, பயண நாட்கள், போகிற மாதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சென்னையில் இது எப்போது தொடங்கியது?

2022 ஜூன் 4-ம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கடலுக்குள் போய்த் திரும்பும் 2 நாள் பயணம், விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாக 5 நாள் பயணம் என அப்போது திட்டமிட்டிருந்தார்கள். 2023 ஜூன் 5-ம் தேதி இலங்கைக்கான பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கி வைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்கள் அந்தப் பாதையில் இருந்தன.

2024 செப்டம்பர் 30-ம் தேதி மத்திய அரசு 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. அதனால் இந்த விளம்பரங்கள் இனி கூடத்தான் செய்யும்.

எந்த வயதில் ஏற்றுவார்கள்?

சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பலவும் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. கரையே தொடாமல் பல நாள் கடலில் போகும் நீண்ட பயணம் என்றால், 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். கர்ப்பிணிகளுக்கு 24-வது வாரத்தை எல்லையாக வைத்திருக்கும் நிறுவனங்களும் நிறைய. இந்த விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க. ஏறும் அன்று துறைமுக வாசலில் தெரிந்தால் பயணமும் போச்சு, பணமும் போச்சு.

ஏன் இந்த வயதுக் கட்டுப்பாடு?

காரணம் மருத்துவம்தான். கப்பலில் டாக்டர் இருப்பார், நர்ஸ் இருப்பார், சிறிய மருத்துவ அறையும் இருக்கும். காய்ச்சல், வாந்தி, சின்னக் காயம் என்றால் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவை அங்கே எதிர்பார்க்க முடியாது. மணிமங்கலத்தில் நள்ளிரவில் குழந்தைக்கு வலிப்பு வந்தால், வண்டி பிடித்துத் தாம்பரமோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ போய்விடலாம். நடுக்கடலில் அடுத்த துறைமுகம் வரும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடலோரக் காவல்படை வந்து கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, இஎஸ்ஐ அட்டையைக் காட்டிக் கப்பலில் சிகிச்சை பெற முடியாது. பில் உங்கள் கணக்கில்தான் ஏறும். எனவே மருத்துவச் செலவும், கரைக்குக் கொண்டுவரும் செலவும் சேர்ந்த பயணக் காப்பீடு தேவை. அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா, எந்த வயதில் இருந்து காப்பீடு செல்லும் என்று பாருங்க.

கப்பல் ஆடினால் குழந்தைக்கு வாந்தி வருமா?

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி அரிதாகவே வரும். 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். அதாவது கைக்குழந்தை நிம்மதியாகத் தூங்கும், அதன் அக்காவுக்கும் உங்களுக்கும்தான் தலை சுத்தும். அப்போ குழந்தையை யார் பார்த்துக்கிறது? இதை முன்கூட்டியே யோசிக்கணும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் ஆட்டம் குறைவு. வாந்தி மருந்தைப் பெரியவர்களுக்கு வாங்கியதில் இருந்து குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். புரோமெத்தசின் போன்ற மருந்து 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது.

பெரிய பயம் எது?

வயிற்றுப்போக்குதான். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூடத்தில் சாப்பிட்டு, ஒரே கைப்பிடியைத் தொடும் இடம் கப்பல். நோரோவைரஸ் அங்கே வேகமாகப் பரவும். சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வழி. தரையில் தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் ஆபத்து இன்னும் கூடும். ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்க. ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14-வது வாரங்களில் முடிந்திருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி 9 மாதம் முடிந்த பிறகுதான் போடுவார்கள். 6 மாதம் முடிந்தாலே கப்பலில் ஏற்றுவார்கள். ஆனால் 9 மாதம் வரை குழந்தைக்குத் தட்டம்மைப் பாதுகாப்பு முழுசாக இருக்காது.

கொடுக்கிற காசுக்குக் குழந்தைக்கு என்ன கிடைக்கும்?

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில். வரி, துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் தனியாக வரலாம். குழந்தைக்கும் ஏதாவது கட்டணம் உண்டா என்று கேளுங்க.

டயப்பர் போட்ட குழந்தையை நீச்சல் குளத்தில் இறக்க பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை. குழந்தைகள் விளையாட்டுக் கூடத்தில் தனியாக விட, பொதுவாக 3 வயது ஆகி, டயப்பர் பழக்கமும் விட்டிருக்க வேண்டும். இரவுக் காட்சிகள் குழந்தை தூங்கும் நேரத்தில் நடக்கும். மின்சாரக் கெட்டில், ரைஸ் குக்கர் தீ விபத்து பயத்தால் அனுமதிக்கப்படுவதில்லை. பால் புட்டியைச் சுடுதண்ணீரில் கழுவ என்ன வசதி, கஞ்சியும் குழைந்த சாதமும் கிடைக்குமா, தொட்டில் கட்டில் உண்டா என்பதைக் கேட்டு வையுங்க.

இறங்கிப் பார்க்கலாம் என்ற ஊரும் உறுதி இல்லை. 2022 ஜூனில் புதுச்சேரி அருகே வந்த கப்பலுக்கு அனுமதி கிடைக்காமல் பயணிகள் இறங்க முடியவில்லை. ஆழம் போதாத இடங்களில் கப்பலைக் கடலிலேயே நிறுத்திச் சிறு படகில் மாற்றுவார்கள். கையில் குழந்தையோடு அந்தப் படகில் இறங்குவது லேசான வேலை இல்லை.

இலங்கைப் பயணம் என்றால்?

கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 2023 அக்டோபர் 1-ம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். நம்ம ஊரில் குழந்தையின் பெயர் இல்லாமலேயே சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள் பலர். முதலில் பெயரைப் பதிவு செய்யுங்க. முதல் 12 மாதம் வரை அதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் சேவை மையம் தாம்பரத்திலேயே இருக்கிறது. சிறுவர் பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குள் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. 5 ஆண்டு செல்லும்.

எந்த மாதம் போகலாம்?

போனஸ் கைக்கு வருவது ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில். வங்கக் கடல் மோசமாக இருப்பதும் அதே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இந்தக் கப்பல் ஆண்டு முழுவதும் சென்னையில் நிற்பதில்லை. அரபிக்கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில்தான் பெரும்பாலும் இந்தப் பக்கம் வரும். எனவே போனஸ் பணத்தை எடுத்து வைத்து அடுத்த ஜூன், ஜூலையில் போவதுதான் சரிவரும். பள்ளி செல்லாத குழந்தை என்பதால் லீவு பிரச்னையும் இல்லை.

அப்போ முடிவு என்ன?

ஒரு வயதுக்குள் என்றால் தள்ளிப்போடுவதே நல்லது. ஒன்று முதல் மூன்று வயது வரை என்றால், உதவிக்குத் தாத்தா பாட்டி கூட வந்தால், 2 இரவுப் பயணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பால்கனி இல்லாத அறை எடுங்க. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அடிக்கடி வீசிங், வலிப்பு வந்த குழந்தை என்றால் குழந்தைகள் நல மருத்துவர் சம்மதிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். மூன்று வயது தாண்டிவிட்டால் குளம், விளையாட்டு, கடல் எல்லாமே குழந்தைக்கும் சேர்ந்து கிடைக்கும்.

"இப்பவே தண்ணில போகணும்" என்று ஆசையா? வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காடு போய்ப் படகில் ஏறுங்க. குழந்தை அழுதால் சீக்கிரமே கரைக்குத் திரும்பிடலாம்.