பதில் கடமைக்கு ஓர் எல்லை வேண்டும்

வைத்தியசாலையில் தாதி எரிந்து விழுகிறார், கிளினிக்கில் மிட்வைஃப் முகங்கொடுத்துப் பேசுகிறாரில்லை என்ற முறைப்பாடுகளை மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கிறோம். முறைப்பாடு நியாயமானது. பயத்தோடும் நோவோடும் வருகிறவர் மேல் யாரும் சீறக் கூடாது. ஆனால் அதே தாதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எப்படி இருந்தார் என்று அவரோடு நின்றவர்களிடம் விசாரித்தால், பல வேளைகளில் வேறு ஒரு மனுசியைப் பற்றிச் சொல்வார்கள். இடையில் அவருக்கு என்ன நடந்தது என்பதைச் சுகாதாரத் துறை கேட்பதே இல்லை.

நடந்ததற்குப் பெயர் உண்டு. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. வேலைத்தளத்தில் தீர்க்கப்படாமல் நீண்டுபோன மன அழுத்தத்தின் விளைவு அது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி வெறுத்துப்போதல், எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் என மூன்று அடையாளங்களை அந்நிறுவனம் சொல்கிறது. நோயாளியின் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே. அதைத்தான் நாம் திமிர் என்கிறோம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கடமையாற்றும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரின், அதாவது மிட்வைஃபின், வேலையைப் பாருங்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது நடைமுறைக் கணக்கு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் விழுந்தால் அதுவும் ‘பதில் கடமை’ என்று அவர் தலையில் வரும். இரண்டு பிரிவுத் தாய்மார், இரண்டு பிரிவுப் பிள்ளைகள், இரண்டு அடுக்குப் பதிவேடுகள். காலையில் வீட்டுத் தரிசிப்பு, பிறகு கிளினிக், தடுப்பூசி, நிறை பார்த்தல். வெல்லாவெளிப் பக்கமென்றால் யானை இறங்குமுன் ஸ்கூட்டியைத் திருப்பியாக வேண்டும். தன் பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகுதான் பதிவேடு எழுத நேரம் கிடைக்கும். நடுச்சாமத்தில் போன் அடிக்கும்: “மிஸ், பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு, என்ன செய்யிற?” எடுக்காமல் இருக்க முடியுமா? லீவு கேட்டால் தன் சுமை இன்னொரு சகோதரியின் முதுகில் ஏறும் என்பது தெரிந்து, கேட்காமலே இருந்துவிடுகிறார். இப்படித்தான் சில மாதத்துக்கு என்று தொடங்கும் பதில் கடமை வருடக்கணக்கில் நிலைத்துவிடுகிறது.

இந்த மாவட்டத்துக்கு மேலும் ஒரு பாரம் இருக்கிறது. போர்க்காலம் முழுவதும் வேலை செய்தவர்கள் இங்கே உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, சொந்த வீட்டில் இழவு விழுந்திருக்க முகாம்களில் பிறரைப் பார்த்தவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்திலிருந்து சிதைந்த பிள்ளைகளைத் தூக்கிவந்தபோது ஏந்திக்கொண்டதும் இவர்களின் கைகளே. கொரோனா வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசு வழி திறந்தது. நாடெங்கும் வைத்தியர்களும் தாதியரும் புறப்பட்டார்கள். போனவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் விட்டுப்போன வேலையை நின்றவர்களே சுமந்தார்கள்.

ஆபத்து வரும்போது உடல் விழித்து நிற்பது இயற்கை. ஆபத்து போனதும் அது தணிய வேண்டும். தணியவே விடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும், ஞாபகம் தடுமாறும். ஒரு வாரத் திருவிழா லீவில் இது தேறாது.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்தோ ஒருநாள் பயிற்சிப் பட்டறை. மண்டபம், மூச்சுப் பயிற்சி, பகற்சாப்பாடு, குழுப் படம். மூச்சுப் பயிற்சியில் தவறில்லை. ஆனால் மறுநாள் காலை அதே இரண்டு பிரிவுகளும் காத்திருக்கின்றன. பிரித்தானியத் தொழிலாளர் 46,336 பேரின் தரவுகளை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், இத்தகைய தனிமனிதப் பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருக்கவில்லை என்று 2024இல் எழுதினார். வேலையின் அமைப்பையே மாற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வழிகாட்டியது.

ஆளும் இல்லை, பணமும் இல்லை என்பது அதிகாரிகளின் பதில். அது பாதி உண்மை. வெற்றிடம் நிரப்பக் கொழும்பின் அனுமதி வேண்டும். ஆனால் பதில் கடமை எத்தனை மாதத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று எல்லை வகுக்க மாகாணமே போதும். ஒரே விபரத்தை மூன்று படிவத்தில் எழுதவைப்பதை நிறுத்தப் புதிய நிதி ஒதுக்கீடு எதற்கு? எல்லை முடிந்தும் ஆள் வராவிட்டால், அந்தப் பிரிவின் வேலையில் எது நிற்கும் என்பதைச் சுகாதாரப் பணிமனை எழுத்தில் அறிவிக்க வேண்டும். மௌனமாக ஒரு பெண்ணின் இரவைப் பறித்து அந்த ஓட்டையை மூடுவதை நாம் ஏற்க முடியாது.

சோர்ந்துபோனவர்களுக்கும் சொல்ல ஒன்றுண்டு. வேலையை விட்டு விலகி இருக்கும்போதும் எதிலும் விருப்பமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வைத்தியரைக் காணுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். இரத்தச்சோகையும் தைரொய்ட் குறைபாடும்கூட இதே களைப்பைத் தரும், அவற்றையும் சோதிக்க வேண்டும். தேறித் திரும்புகிறவருக்கு முதல் நாளே முழுச் சுமையைக் கொடுத்தால் அவர் மீண்டும் விழுவார் என்பதை மேலதிகாரி அறிந்திருக்க வேண்டும்.

மனநல மருத்துவர் மகேசன் கணேசன் போன்றோர் மனநலச் சேவையை வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே கிராமங்களுக்குக் கொண்டுசென்ற மாவட்டம் இது. அந்தச் சேவை அதன் சொந்த ஊழியரையும் சேர வேண்டும். முதல் வேலையாக, இரவு அழைப்புகளை ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலுள்ள உத்தியோகத்தர்கள் முறைவைத்து ஏற்கட்டும். இன்றிரவு யாருடைய முறை, எந்த இலக்கம் என்பதை ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் ஒட்டட்டும். மற்றவர்களின் போன் இரவில் அணைந்திருக்க உரிமை வேண்டும். இதற்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.