அப்பாவின் வாட்ச்சும் பாப்பாவின் குளியலும்

அப்பாவின் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அம்மா ஊரிலிருந்து வந்துவிடுவார். வந்ததும் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு காரியம் பண்ணிவைப்பேன்!

அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது, 1979-ல், சிங்கப்பூரில் வாங்கிய சுவிஸ் கைக்கடிகாரம் அது. பேட்டரி கிடையாது, கட்டியிருக்கும் கை அசைகிற அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். இன்றைக்கு அந்த மாதிரி ஒன்று வாங்கப் போனால் நகைக்கடைக்குப் போன மாதிரிதான். அப்பா போன பிறகு, "உன் தம்பி செல்போன்லதான் மணி பாக்கறான், நீ கட்டிக்கோ" என்று அம்மா என்னிடம் கொடுத்தார்.

அன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி. பத்து மணிக்கு டாக்டரிடம் இருக்க வேண்டும். மணியைப் பார்த்துக்கொண்டே குளிப்பாட்டலாம் என்று வாட்ச்சைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டேன். பின்மூடியில்தான் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று வெட்டியிருக்கிறதே என்ற தைரியம் வேறு. எண்ணெய், சோப்பு, ஆவி பறக்கும் வெந்நீர் எல்லாம் ஆயிற்று. கடைசியில் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் கையை அலம்பினேன். சாயங்காலம் மணி பார்த்தால், கண்ணாடிக்கு உள்பக்கம் மார்கழி மாதப் பனி!

"அரிசிக்குள்ள புதைச்சு வை, ஈரத்தை இழுத்துக்கும்" என்றார் மாமியார். இரண்டு நாள் அரிசி டப்பாவில் வைத்தேன். பனி மறைந்தது. அப்பாடா என்று மறுபடி கட்டிக்கொண்டேன். ஒரு வாரத்தில் வாட்ச் தினம் பத்து நிமிஷம் பின்தங்க ஆரம்பித்தது. அப்புறம் நின்றே போயிற்று.

கடைத்தெருவில் பழைய வாட்ச்சுகளை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பின்மூடியைத் திறந்தவர், தம் கண்ணில் செருகியிருந்த லென்ஸைக் கழற்றி என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சாவித் தண்டில் செம்பழுப்பாகத் துரு. டயலில் நாலு மணிக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஒரு கறை.

"அரிசி வெளியில இருக்கற ஈரத்தை இழுக்கும்மா. மூடின டப்பாவுக்குள்ள இருக்கறதை எப்படி இழுக்கும்? பனி மறைஞ்சா தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. உள்ளயே ஆவியா இருந்துக்கிட்டு எஃகை அரிச்சிருக்கு. அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா?"

"தண்ணீர் போகாதுன்னு எழுதியிருந்ததே?" என்றேன், விடாமல்.

"உங்க குக்கர் காஸ்கெட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தறீங்க?" என்று திருப்பிக் கேட்டார் பாருங்கள், எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாட்ச்சிலும் அதே சங்கதிதானாம். கண்ணாடி ஓரத்தில், பின்மூடியில், சாவிக் குமிழில் என்று மெல்லிய வளையங்கள் இருக்கின்றன. ரப்பர் வளையம் நாளடைவில் இறுகி, வெடித்துவிடும். சோப்பும் செண்ட்டும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். வெந்நீர் இன்னும் மோசம். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். பச்சைத் தண்ணீர் பட்டதும் சுருங்கி, தளர்ந்த வளையத்தின் வழியே ஈரத்தை உள்ளே உறிஞ்சும். நான் செய்ததும் அச்சாக அதுதானே?

'30 மீட்டர்' என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் முங்கலாம் என்று பொருளில்லை. புது வாட்ச்சை, அசையாமல் வைத்து, அந்த அளவு அழுத்தத்தில் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு அது போதும். நீச்சலுக்கு 100 மீட்டர் என்று போட்டதாவது வேண்டும், அதுவும் வளையங்கள் நல்ல நிலையில் இருந்தால்.

தண்ணீர் சுலபமாக நுழைகிற வாசல் சாவிக் குமிழ். அதற்காகத்தான் புட்டி மூடி போலத் திருகி மூடுகிற குமிழை வைத்து, ரோலெக்ஸ் 1926-ல் 'ஆய்ஸ்டர்' வாட்ச்சைக் கொண்டுவந்தது. மறு வருஷம் அக்டோபரில், லண்டனில் டைப்பிஸ்டாக இருந்த மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். உடனே வேறொருத்தி தானும் கடந்ததாகச் சொன்னது பொய் என்று வெளியில் வர, இவர் மேலும் சந்தேகம் விழுந்தது. பாவம், இரண்டே வாரத்தில், அந்தக் குளிரில், மறுபடி இறங்கினார். இந்தத் தடவை கழுத்தில் ஆய்ஸ்டர் வாட்ச். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரை சேர முடியாமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது! ஆனால் அது புத்தம் புது வாட்ச், குளிர்ந்த கடல். என் மாதிரி யாரும் அதை வெந்நீரில் முக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், மணியைத் திருத்திய பிறகு குமிழை முழுக்க அழுத்தி, திருகுவதாக இருந்தால் திருகியும் மூடுங்கள். ஈரக் கையால் தொடவே வேண்டாம். கடலுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டால், குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். வளையங்களை வருஷம் ஒரு தரம் காட்டுவது நல்லது. தண்ணீரில் போடாமலே காற்றழுத்தத்தில் சோதிக்கும் இயந்திரம் இப்போது பெரிய கடைகளில் இருக்கிறது.

கண்ணாடிக்குள் பனி தெரிந்ததா? சாவி கொடுக்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள், தலைமுடி உலர்த்தும் மெஷினைக் காட்டாதீர்கள், கத்தி முனையால் பின்மூடியை நெம்பாதீர்கள். கழற்றித் துணியில் வைத்து, அன்றைக்கே ரிப்பேர் தெரிந்தவரிடம் ஓடுங்கள்.

என் வாட்ச்சை அக்கக்காகப் பிரித்துக் கழுவி, எண்ணெய் இட்டு, தண்டும் வளையங்களும் மாற்றித் தந்தார் பெரியவர். செலவு எங்கள் வீட்டு ஒரு மாத மளிகையும் பாலும் சேர்ந்த தொகை. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டயலில் விழுந்த கறை போகவில்லை. தொட்டால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் என்று பெரியவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

அம்மா வந்தார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கறை அவர் கண்ணில் படாமல் இருக்குமா? நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் மூஞ்சி கழுவப் போனாக்கூடக் கழற்றி ஆணியில மாட்டிட்டுத்தான் போவார். கப்பல்ல இருந்த மனுஷன் அந்த எழுத்தை நம்பினதே இல்ல" என்றார்.

மறுநாள் குளியலறைக் கதவுக்கு வெளியே, பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில், என் வீட்டுக்காரர் ஒரு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல, மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.