மூல நாடாவும் மூலப்பிரதி மோகமும்

சென்ற ஞாயிறு மாலை, புணேயில் ஒரு பேராசிரியரின் இல்லத்தில் ஏழெட்டுப் பேர் கூடி, சன்னி ராலின்ஸ் நால்வர் குழுவின் 'சாக்சபோன் கொலோசஸ்' ஆல்பத்தை அனலாக் நாடாவில் கேட்டோம். கால் அங்குல அகலம், விநாடிக்கு 15 அங்குல வேகம், நாற்பது நிமிட இசைக்கு இரண்டு பெரிய சுருள்கள். விலையை அவர் சொல்லவில்லை. இத்தகைய நாடாக்கள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கப்படுவதை அறிவேன். ஒலி அழகாக இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மேக்ஸ் ரோச்சின் முரசொலி அறைக்குள் உருண்டு வந்தது. என் பிணக்கு ஒலியோடு அன்று. அதன்பின் நிகழ்ந்த பேச்சோடு.

"இதுவே மூலம், நீங்கள் கைப்பேசியில் கேட்பது அதன் பிணம்" என்றார் பேராசிரியர். உடனிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் வால்டர் பெஞ்சமினைத் துணைக்கு அழைத்து, நாடாவில் 'ஒளிவட்டம்' எஞ்சியிருப்பதாக விளக்கினார். எல்லோரும் தலையசைத்தனர். விருந்தினன் என்ற முறையில் அன்று வாய்மூடி இருந்தேன். இங்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பெஞ்சமினை முதலில் விடுவிப்போம். இயந்திரப் பிரதியாக்கம் கலைப்படைப்பின் ஒளிவட்டத்தைத் தேய்க்கிறது என்றுதான் அவர் எழுதினார். அந்தத் தேய்வில் ஓர் அரசியல் விடுதலைக்கான வாய்ப்பையும் கண்டார். ஒலிநாடா பிரதியாக்க இயந்திரங்களிலேயே தலையாயது. அதற்கு ஒளிவட்டம் சூட்ட அவரையே சாட்சிக்கு அழைப்பது, அவருடைய கட்டுரையின் தலைப்பை மட்டும் வாசித்தவர்களுக்கே இயலும்.

இனி 'மூலம்'. 1956 ஜூன் 22 அன்று, நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டின் வரவேற்பறையில் அமைத்திருந்த பதிவுக்கூடத்தில் இவ்வால்பம் ஒற்றைத்தட ஒலியாகப் பதிவாயிற்று. அந்த நாடா யாருடைய வரவேற்பறைக்கும் வருவதில்லை. விற்பனைக்கு வருவது பிரதி; பெரும்பாலும் பிரதியின் பிரதி. நாடாவிலிருந்து நாடாவுக்கு ஒருமுறை நகலெடுத்தால், நாடாவின் இயல்பான இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். இது தவிர்க்கவியலாத இயற்பியல். அதாவது, டிஜிட்டலின் மீது அவர்கள் சுமத்தும் குற்றம், ஒவ்வொரு நகலிலும் மூலம் தேய்கிறது என்பது, அனலாக்குக்கே உரிய குற்றம். எண்களாகிய பிரதி ஆயிரமாவது நகலிலும் அதே எண்கள்தாம்.

நாடா தரும் வெம்மையும் உண்மையின் அடையாளம் அன்று. ஒலி மிகும்போது காந்தப் பூச்சு நிறைவடைந்து உச்சங்களை மழுக்குகிறது; தாழ் அதிர்வெண்களில் சிறிது மிகை சேர்கிறது. காது அதை விரும்புகிறது. நானும் விரும்புகிறேன். ஆனால் அது சுவை. சமையலில் சேர்ந்த நெய்யை விளைந்த நெல்லின் குணம் எனலாகாது.

காதே அறியும் என்பார்கள். 2022 ஜூலையில் அந்தக் காதுகளுக்கு ஒரு தேர்வு நிகழ்ந்தது. அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் காணொளியில் கேள்வி எழுப்ப, மூல நாடாவின் பெயரால் உயர்விலைக்கு விற்ற தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் படிநிலை ஒன்று உண்டு என்பதை மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதுவரை பல ஆண்டுகள் அத்தட்டுகளை அனலாக் ஒலியின் கொடுமுடி என்று போற்றியவர்கள்தாம் வழக்குமன்றம் சென்றார்கள். வாங்குபவரிடம் மறைத்தது தவறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கேட்டபோது ஒருவரும் கண்டுபிடிக்காத குறை, செய்தி வந்தபின் எங்கிருந்து ஒலிக்கத் தொடங்கிற்று?

மூலபாடத் திறனாய்வில் பாலபாடம் ஒன்று உண்டு: பழைய சுவடி என்பதாலேயே நல்ல சுவடி ஆகிவிடாது. பிந்தியவை எல்லாம் தாழ்ந்தவை அல்ல என்பதை இத்தாலிய அறிஞர் ஜார்ஜோ பஸ்குவாலி 1934இல் ஒரு நூலாகவே விளக்கினார். நம் ஏடுகளின் கதையும் அதுவே. ஓலை மடிவதற்குள் படியெடுத்தவன் இருந்ததனால்தான் சங்கப் பாட்டு நமக்குக் கிடைத்தது. படியெடுத்தவனை இகழ்ந்து ஓலையை மட்டும் வணங்கும் மரபாக இருந்திருப்பின், பதிப்பிக்க உ.வே.சா.வுக்குக் கரையான் புற்றுதான் கிடைத்திருக்கும்.

ஜாஸிலும் இதற்குச் சான்று உண்டு. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் பதிவானபோது, முதல் அமர்வில் முதன்மைப் பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடிற்று. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுவதும் உண்மையான சுருதியைவிடச் சற்று உயர்ந்து ஒலித்தது. உடன் ஓடிய காப்பு இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1992இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் 'மூலம்' பிழைபட்டுக் கிடந்தது. சரியான சுருதியைக் காத்து வைத்திருந்தது காப்புப் பிரதி.

இன்னும் கூர்மையானது ஜான் கோல்ட்ரேன் நால்வர் குழுவின் கதை. 1963 மார்ச் 6 அன்று, கோல்ட்ரேன், மெக்காய் டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸ் நால்வரும் வான் கெல்டரின் கூடத்தில் வாசித்தவற்றின் மூல நாடா இன்று இல்லை. சேமிப்புச் செலவைக் குறைக்க நிறுவனம் அழித்த நாடாக்களுள் அதுவும் ஒன்று என்று கருதப்படுகிறது. கேட்டுப் பார்ப்பதற்கென அன்று கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துச்சென்ற ஒற்றைத்தட நாடா, அவர் முதல் மனைவி நைமாவின் குடும்பத்தாரிடம் எஞ்சிற்று. அதிலிருந்துதான் 2018இல் ஆல்பம் வெளியாயிற்று. நாற்பதாண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டில் உறங்கிய எளிய பிரதி!

அன்று நாங்கள் கேட்ட ஆல்பத்தின் முதற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'செயின்ட் தாமஸ்' கரிபியத் தீவுகளில் வழங்கிய மெட்டு; ராலின்ஸ் சிறுவயதில் தம் தாய் பாடக் கேட்டது. அதற்கு முந்திய ஆண்டே ராண்டி வெஸ்டன் அதை வேறொரு பெயரில் பதிவு செய்திருந்தார். இந்த மெட்டின் மூல நாடா எது? வாயிலிருந்து வாய்க்கு மாறி, ஒவ்வொரு வாயிலும் திரிந்து வந்த ஒன்றின் ஒரு நாளைய வடிவத்தைத்தான் காந்தப் பூச்சு பிடித்து வைத்தது. மொழியியல் படித்த எனக்கு இது புதிதன்று. தூய வடிவம் ஒன்று எங்கோ இருந்தது, நாம் பேசுவதெல்லாம் அதன் சிதைவு என்பதை மொழியில் ஏற்காத நாம், ஒலியில் மட்டும் ஏன் தலையசைக்கிறோம்?

இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டிருப்பேன். ஆனால் இதே சொற்களை நான் வேறோர் அறையிலும் கேட்டேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு துறையில், இரும்பு அலமாரி ஒன்றில், 1970களில் கள ஆய்வாளர்கள் பதிவுசெய்த ஸ்பூல் நாடாக்கள் அடுக்கப்பட்டுள்ளன. கதைகள், ஒப்பாரிகள், சொற்பட்டியல்கள். அவற்றில் பேசியவர்களில் இன்று எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று எண்ணவே தயக்கமாக இருக்கிறது. டிஜிட்டலாக்க அனுமதி கேட்டு இருமுறை எழுதினேன். 'மூலப் பதிவுகளைக் கையாள்வது அவற்றின் நம்பகத்தன்மையைக் குலைக்கும்' என்று விடை வந்தது. அலமாரியைத் திறந்தால் புளித்த காடி வாடை. அசிட்டேட் நாடா அழியும்போது எழும் வாடை அது. பிற்கால நாடாக்கள் சிலவற்றில் பூச்சைப் பிணைக்கும் பசை ஈரம் உறிஞ்சி இளகி, ஓடவிட்டால் இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். நம் மழைக்காலம் இவ்விரண்டையும் விரைவுபடுத்தும். நம்பகத்தன்மை அலமாரிக்குள் பொடியாகிக்கொண்டிருக்கிறது.

கிரியர்சன் காலத்து மொழி ஆய்வுக்காக 1913 முதல் 1929 வரை பதிவான கிராமபோன் தட்டுகளை இன்று எந்த மாணவரும் இணையத்தில் கேட்கலாம். யாரோ 'மூலத்தைத்' தொட்டதால். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010இல் அந்தமானில் இறந்தார். அவர் குரலின் பதிவைக் கேட்கும் எவரும் அது அனலாக்கா என்று கேட்பதில்லை.

பேராசிரியரிடம் மறுநாள் ஓர் உதவி கேட்டேன். எங்கள் நாடாக்களில் நல்ல நிலையில் உள்ளவை விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் பதிவானவை. அவருடைய இயந்திரத்தில் 7½உம் 15உம் மட்டுமே உண்டு. இடரில்லை: 7½இல் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி, அங்கே வேகத்தைப் பாதியாக்கி, ஒலிச் சமனையும் திருத்திக்கொள்ளலாம். துறையின் அனுமதியை மூன்றாம் முறை கேட்டுப் பெறுவது என் பாடு, இரண்டு வாரம் இயந்திரத்தைத் தந்தால் போதும் என்று எழுதினேன்.

கணினியில் ஏற்றினால் ஒலியின் உயிர் போய்விடும் என்று பதில் அனுப்பியிருக்கிறார்.