ஸ்கேனில் கோளாறு இல்லை, கால் நகரவில்லை! நோயாளி மீது 'நடிப்பு' பட்டம் கட்டலாமா?

கை நடுங்குகிறது. கால் இழுக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையில் ஒரு பழுதும் தெரியவில்லை. உடனே வீட்டில் பேச்சு கிளம்பிவிடுகிறது: "சும்மா நடிக்கிறா!" ஆஸ்பத்திரியிலும் சில நேரம் அதே பாட்டுதான்: "ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போங்க."

இது அநியாயம்! நோயாளிக்கு வந்திருப்பது செயல்பாட்டு அசைவுக் கோளாறு. ரேடியோவில் பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டேஷன் விழாத கதைதான். மூளை கெடவில்லை, கை, காலை ஆட்டுவிக்கும் வேலை மட்டும் தடம் மாறிவிட்டது.

கட்டிலை அழுத்தும் கால்

வேறு நோய் எதுவும் அகப்படாததால் சூட்டும் பெயர் இல்லை இது. கண்டுபிடிக்க நேரடி அடையாளங்கள் உண்டு.

அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹூவர் 1908-ல் ஒரு சோதனையைச் சொன்னார். நோயாளியைப் படுக்க வைத்து, வராத காலால் கட்டிலை அழுத்தச் சொன்னால் முடியாது. டாக்டர் தடுத்துப் பிடிக்க, நல்ல காலைத் தூக்கச் சொன்னால், வராத கால் தானாகவே கட்டிலை அழுத்தும்!

நடுக்கத்துக்கும் சோதனை உண்டு. டாக்டர் காட்டும் தாளத்தை நல்ல கையால் தட்டச் சொல்வார்கள். நடுங்கும் கை அதே தாளத்துக்கு மாறும். அல்லது நடுக்கம் நின்றே போகும்.

"பார்த்தீங்களா, மாட்டிக்கிட்டா!" என்று குதிக்க வேண்டாம். கவனம் காலின் மேல் விழும்போது தடைபடும் அசைவு, கவனம் திரும்பியதும் வருகிறது. நரம்புப் பாதை அறுந்துபோகவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. நோயாளிக்கே அதைக் காட்டி விளக்கினால் பாதி பயம் போய்விடும். அதற்கேற்ற பிசியோதெரபியும் கொடுத்தால் பலருக்குக் குணம் தெரிகிறது.

குடும்பத்தைக் குடைவதா?

"வீட்ல என்ன பிரச்சினை?" என்று துருவுவதும் சரியில்லை. சிலருக்கு மனக்கவலை காரணம். சிலருக்கு அடிபட்ட பிறகோ, காய்ச்சலுக்குப் பிறகோ வருகிறது. மனக்காரணம் இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேடே 2013-ல் கைவிட்டுவிட்டது.

தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று டாக்டர்கள் தயங்கலாம். 1970-களுக்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்தத் தவறு 100-க்கு 4 பேர் அளவில்தான் என்று 2005-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கணக்கு சொல்கிறது. பார்க்கின்சன் நோயோடு இதுவும் சேர்ந்து வரலாம். அதனால் நரம்பு டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்வதே முறை.

நாள் தள்ளத் தள்ளக் குணமாவது கடினம். 'ஒண்ணும் இல்லை' என்ற சொல்லை டாக்டர்கள் முதலில் விட வேண்டும். நோயின் பெயரைச் சொல்லட்டும். 'நடிப்பு' என்ற சொல்லை வீட்டார் விடட்டும்!