மூட்டைப்பூச்சியா? வெட்கமும் வேண்டாம், விஷமும் வேண்டாம்!

காலையில் எழுந்தால் கையிலும் கழுத்திலும் வரிசையாக மூன்று, நான்கு தடிப்புகள். 'கொசுவாகத்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். அடுத்த வாரம் குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிகிறது. ஒருநாள் தலையணை உறையில் சின்னதாக ஒரு ரத்தக் கறை. சந்தேகம் வந்தாலும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். 'நம்ம வீட்லயா மூட்டைப்பூச்சி? வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?'

இந்தக் கூச்சம்தான் அந்தப் பூச்சிக்கு நாம் கொடுக்கும் முதல் சலுகை. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 200 முட்டைகளுக்கு மேல் இடும். நாம் மறைக்கிற ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபம்தான்.

அழுக்கு வீட்டுக்கு மட்டும்தான் வருமா?

இல்லை. மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது குப்பை அல்ல, ரத்தம். நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ரயில் பயணப் பெட்டி, லாட்ஜ் கட்டில், ஹாஸ்டலிலிருந்து வரும் துணிமூட்டை, விலைக்கு வாங்கிய பழைய சோபா என்று நம்மோடு சவாரி செய்துதான் வீட்டுக்குள் வருகிறது. 2023-ல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சி பயத்தில் அல்லாடியது நினைவிருக்கலாம். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு ஆறுதல், இது மனிதர்களுக்கு நோய் பரப்புவதாக நிரூபணமாகவில்லை. அரிப்பு, தூக்கக் கெடுதல், சொறிந்து சொறிந்து புண்ணாவது... தொல்லை இவ்வளவுதான். அரிப்புக்கு கேலமைன் லோஷன் தடவலாம். தடிப்பு பெரிதாக வீங்கினாலோ சீழ் வைத்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கடித்த தடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே படுக்கையில் படுத்தாலும் ஒருவருக்குத் தடிக்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கடித்துச் சில நாள் கழித்துத்தான் அரிக்கும். அதனால் உடம்பைவிட, படுக்கையைப் பாருங்கள்.

செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூட்டுகள், ஆணி ஓட்டைகள், சுவரோடு ஒட்டிய தலைமாட்டுப் பலகை, சோபா மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பேனா மையைத் தொட்டு வைத்தது போன்ற கறுப்புப் புள்ளிகள், உரித்துப்போட்ட தோல், ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள் தெரியும். வளர்ந்த பூச்சி ஆப்பிள் விதை அளவில், பழுப்பு நிறத்தில், தட்டையாக இருக்கும். ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

சூடுதான் சிறந்த மருந்து

வளர்ந்த பூச்சிக்கும் முட்டைக்கும் ஒருசேர எமன், சூடு. விரிப்பு, தலையணை உறை, போர்வை, கொசுவலை எல்லாவற்றையும் அறையிலேயே பையில் போட்டுக் கட்டி எடுத்துப்போங்கள். கையில் அள்ளிக்கொண்டு போனால் வழியெல்லாம் உதிரும். துணி தாங்குமென்றால் வாஷிங் மெஷினில் 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீரில் ஊறவையுங்கள்.

கட்டிலைக் கழற்றி, மூட்டுகளிலும் ஓட்டைகளிலும் கொதிநீர் ஊற்றுவது நம் பாட்டிமார் செய்த வைத்தியம். இன்றும் பலிக்கும். குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. பூச்சி நிழல் பக்கம் நகர்ந்து, உள்ளே பதுங்கிவிடும். வாக்குவம் கிளீனரால் தையல் ஓரங்களை உறிஞ்சி, குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். பிறகு மெத்தையை முழுவதும் மூடும் ஜிப் வைத்த உறையில் போட்டு, ஒரு வருஷம் கழற்றாமல் வைத்திருங்கள். சாப்பாடு இல்லாமல் பல மாதம் தாக்குப்பிடிக்கும் பூச்சி இது.

சுவர் விரிசலை அடையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப்போட்டு, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். விரிப்பு தரையில் தொங்கக் கூடாது.

முக்கியமான விஷயம், ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். தப்பிய முட்டைகள் பொரிந்து வரும். 10 முதல் 14 நாளில் மறுபடியும் இதே வேலையைச் செய்ய வேண்டும். நடுவில் வேறு அறைக்குப் போய்ப் படுக்கவும் வேண்டாம். பூச்சியும் பின்னாலேயே வரும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஊற்றாதீர்கள். ஒரு தீப்பொறி போதும். கடையில் கிடைக்கும் ஸ்பிரேயை மெத்தை முழுக்க அடிப்பதிலும் பயனில்லை. பல மருந்துகளுக்கு இந்தப் பூச்சி பழகிவிட்டது. 1940-களில் டிடிடி வந்தபோதே, சில வருஷங்களில் அதைத் தாங்கும் பூச்சிகள் தோன்றிவிட்டன.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், எலி மருந்து வைத்திருந்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியுமா? பூச்சி எதுவானாலும், விஷம் வைத்த அறையில் படுக்கக் கூடாது.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிட்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா? மருந்தின் பெயர் என்ன? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? இரண்டாவது முறை எப்போது வருவீர்கள்? சரியான பதில் வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுக்குமாடி வீடென்றால் வீட்டுக்காரரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒழித்தால், சுவர் தாண்டித் திரும்பி வரும்.

மறுபடி வராமல் இருக்க

வெளியூரில் தங்கும்போது பெட்டியைக் கட்டில் மேல் வைக்காமல், மெத்தை ஓரத்தை முதலில் பாருங்கள். திரும்பி வந்ததும் துணிகளை நேராகத் துவைக்கப் போடுங்கள். பழைய கட்டில், சோபாவை வாசலிலேயே சோதித்துவிட்டு உள்ளே விடுங்கள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேண்டியது நெருப்பல்ல, கொஞ்சம் கொதிநீர், நிறைய பொறுமை. இன்று ராத்திரி படுக்கும் முன், ஒரு ஐந்து நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்களேன்!