உப்பிலும் சீனியிலும் கவனம் தேவை



உப்பு விளையும் நம் புத்தளம் மாவட்டத்தில் கருவாடு சேராத சமையல் குறைவு. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கருவாட்டை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்புக் குறையும்.

நம் நாட்டு மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அத்தகைய பானத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். காலையில் வல்லாரை இலைக்கஞ்சி கொடுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைந்து நடக்க வேண்டும்.

இலைக்கஞ்சி போன்ற கைவைத்தியம் நல்லதே. ஆனால் கஞ்சியை நம்பி பிரஷர், நீரிழிவு மாத்திரைகளை நிறுத்துவது ஆபத்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷரையும் நீரிழிவையும் இலவசமாகவே பரிசோதிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

வாசகர்,
எலுவன்குளம்.